மவுஸின் வயிற்றில் ஒரு கமரா, போனின் முதுகில் ஒரு கமரா

உங்கள் வீட்டு மவுஸை ஒருமுறை மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம், அதற்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம். அந்த வெளிச்சம்தான் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் எல்.இ.டி. விளக்கு. உண்மையில் வேலை செய்வது அதன் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிக் கமரா.

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் மவுஸ் செத்துப்போனது. கடைகள் பூட்டிய நேரம். அப்போது ஒரு பிள்ளை தன் போனைத் தூக்கிக் காட்டி, "சேர், இதிலயும் கமரா இருக்குத்தானே, இத மவுஸாப் பாவிக்க ஏலாதா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற கேள்வி இல்லை அது. ஏலும். எப்படி ஏலும், எங்கே சறுக்கும் என்று விளங்கிக்கொள்ள முதலில் அந்தச் செத்த மவுஸையே பார்ப்போம்.

1960களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்து, பில் இங்கிலிஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சில்லுகள், ஒன்று நெடுக்காக உருள, மற்றது குறுக்காக. 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அதை ஊருக்குக் காட்டினார்கள். பிறகு சில்லுக்குப் பதிலாக உருண்டை வந்தது. அந்த உருண்டையில் சுற்றிய தலைமுடியை நகத்தால் கிள்ளி எடுத்த தலைமுறை நாங்கள். ஒளியைக் கொண்டு அசைவைப் பார்க்கும் மவுஸ்கள் 1980களிலேயே வந்துவிட்டன; ஆனால் அவற்றுக்குக் கோடோ புள்ளியோ போட்ட தனி விரிப்பு வேண்டும். சாதாரண மேசையில் ஓடும் கமரா மவுஸைப் பரவலாக்கியது 1999இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர். அது தன் வயிற்றுக்குக் கீழே உள்ள மேசையை வினாடிக்கு 1,500 தடவை படம் பிடித்தது.

படம் என்றதும் கல்யாணப் படம் மாதிரி நினைக்க வேண்டாம். அப்படியான மவுஸ்களில் பரவலாக இருந்த ஓர் உணரியின் (சென்சரின்) படத்தில் 18 வரிசை, வரிசைக்கு 18 புள்ளி, ஆகமொத்தம் 324 புள்ளிகள்தான். அந்தப் படத்தில் நீங்களும் நானும் எதையும் அடையாளம் காண மாட்டோம். மேசைப் பலகையின் நார், கடதாசியின் சொரசொரப்பு, அவை விழுத்தும் நிழல் எல்லாம் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். விளக்கு ஏன் சரிவாக அடிக்கிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. உப்புவெளிக் கடற்கரைக்கு விடியக் காலமை போனால், கடலிலிருந்து எழும் சூரியன் மணலைச் சாய்வாகத் தொடும். ஒவ்வொரு கால்தடமும் பள்ளமும் நிழலோடு வடிவாகத் தெரியும். மத்தியானம் அதே மணல் வெறும் வெள்ளைப் பாய். மவுஸ் தன் வயிற்றுக்குள் எப்போதும் விடியக் காலமையை வைத்துக்கொண்டிருக்கிறது.

இனி மவுஸ் செய்வது ஒன்றே ஒன்று. போன படத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டு, திட்டுகள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிடுவது. மேசை நகராது. ஆகவே திட்டு இடப்பக்கம் போனால் மவுஸ் வலப்பக்கம் போயிருக்கிறது. நிலாவெளி பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும்போது பனைமரங்கள் பின்னால் ஓடுகின்றன. மரம் ஓடவில்லை, நாம் முன்னால் போகிறோம் என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? அதே கணக்கு. படத்தில் தெரியும் இந்த நகர்வை ஒளியோட்டம் என்பார்கள். அதைக் கணிக்க இன்றைக்கும் பாவிக்கப்படும் இரண்டு பிரபலமான முறைகள் 1981இலேயே வந்துவிட்டன. கணிதம் வேண்டாம் என்பவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: இரண்டு படங்களையும் எண்ணெய்க் கடதாசியில் பிரதி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டும் பொருந்தும்வரை மேல்தாளை இழுங்கள். எவ்வளவு இழுத்தீர்களோ அதுதான் அசைவு.

போனின் கமராவும் இதையே செய்யலாம். 2003 அளவிலேயே சீமென்ஸ் எஸ்.எக்ஸ்.1 என்ற போனில் கமராவின் அசைவைப் பார்த்து நுளம்பு அடிக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. 2005இல் பலகாஸ், ரோஸ், ஷெரிடன் என்ற மூன்று ஆய்வாளர்கள், போனைக் காற்றில் அசைத்துத் தூரத்துப் பெரிய திரையில் அம்புக்குறியை ஓட்டிக் காட்டினார்கள். கணக்கைப் போனே போட்டு, விடையை மட்டும் புளூடூத்தில் அனுப்பியது. நான் செய்துபார்த்தது அதைவிடச் சோம்பல் வழி. போனை வெப்கேமாக லப்டொப்போடு இணைத்து, பைதன் என்ற நிரல்மொழியில், படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பைப் பாவித்து, அடுத்தடுத்த இரண்டு படங்களின் நகர்வைக் கணக்கிடும் இருபது வரி நிரல் ஒன்று. கணக்கை லப்டொப் போட்டது.

முதல் பிழை எல்லாரும் விடும் பிழை. போனை மவுஸ் மாதிரியே மேசையில் படுக்க வைத்தோம். திரை முழுக்க ஒரே கறுப்பு. போன் கமராவுக்குச் சில அங்குல தூரமாவது இருந்தால்தான் படம் தெளியும். மேசையோடு ஒட்டினால் வெளிச்சமும் போகாது, குவியமும் சேராது. மவுஸின் வில்லை இரண்டு மூன்று மில்லிமீற்றர் தூரத்தைப் பார்க்கவென்றே செய்யப்பட்டது. போனின் வில்லை ஆளையும் கடலையும் பார்க்கச் செய்தது. ஆகவே போனைக் கையில் தூக்கிப் பிடித்து, தரையையோ சுவரையோ பார்க்க வைக்க வேண்டும்.

எந்தத் தரை? இதில்தான் எங்கள் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. விறாந்தையின் வெள்ளை மாபிளைக் காட்டினால் அம்பு அசையவே இல்லை. எண்ணெய்க் கடதாசியை நினைத்துப் பாருங்கள்: இரண்டு தாளும் வெறும் வெள்ளை என்றால் எங்கே வைத்தாலும் பொருந்தும். சீமெந்துத் தரை பரவாயில்லை. ஒரு பிள்ளை கொடியில் கிடந்த என் சாரத்தை எடுத்துவந்து விரித்தான். நீட்டுக்கோடு போட்ட சாரம். கோட்டுக்குக் குறுக்காகப் போனை அசைத்தால் அம்பு ஒழுங்காக ஓடியது, கோட்டின் நெடுக்கே அசைத்தால் நின்றுவிட்டது. கோடு தன் நீளத்துக்கு எங்கும் ஒரே மாதிரி. நெடுக்கே நகர்ந்தால் படத்தில் எதுவும் மாறாது. சரி, கட்டம் போட்ட சாரத்தை விரித்தோம். மெல்ல அசைக்கும்வரை நல்லம். வேகமாக ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மேல் தாவியதும் நிரலுக்குக் குழப்பம்: எல்லாக் கட்டமும் ஒன்றுபோல இருந்தால், இது பழைய கட்டமா பக்கத்துக் கட்டமா? அம்பு சில வேளை எதிர்ப்பக்கம் ஓடியது. கடைசியில் வெற்றிபெற்றது தாறுமாறாகப் பூப்போட்ட பழைய சேலை ஒன்று.

பிறகு ஓர் ஆசைக்கு, பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்களை எடுத்த வீடியோவையும் நிரலுக்குக் கொடுத்தேன். ஒழுங்கில்லாமல் தெறித்த புள்ளிகள் என்பதால் மானின் முதுகு கணக்குக்கு அருமையான இடம். ஆனால் மான் நடக்கிறதே! படத்தின் பாதியை மான் அடைத்து நின்றபோது, கமராவை நான் அசைக்காமலே அம்பு மானுக்கு எதிர்ப்பக்கமாகப் போனது. கோணேசர் கோயில் மலையிலிருந்து கீழே கடலைப் பிடித்த வீடியோ இன்னும் மோசம். கை அசையவில்லை, அலை அசைகிறது, அம்பு அலைக்கு எதிர்ப்பக்கமாக வழுக்கிக்கொண்டே இருக்கிறது. கமராவுக்குத் தெரிவது ஒப்புநோக்கிய அசைவு மட்டும்தான். யார் அசைந்தது என்பதை அது ஊகிக்கிறது. "படத்தின் பெரும்பகுதி சும்மா நிற்கும் உலகம்" என்ற நம்பிக்கையில்தான் முழு வித்தையும் நிற்கிறது. மின்விசிறியைப் பார்க்க வைத்து ஒருமுறை சோதியுங்கள், சிரிப்பு வரும்.

அடுத்தது வேகம். மவுஸை ஒரு வினாடியில் 30 சென்ரிமீற்றர் இழுக்கிறீர்கள் என்று வைப்போம். வினாடிக்கு 1,500 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நகர்வு 0.2 மில்லிமீற்றர்தான். போன் கமரா வீடியோவுக்குச் சாதாரணமாக எடுப்பது வினாடிக்கு 30 படம்; அதே வேகத்தில் ஒரு படத்துக்கு 10 மில்லிமீற்றர் பாய்கிறது. பின்னேரம் இருட்டத் தொடங்கினால் கமரா தன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அசையும் படம் இழுபட்டுக் குழம்பும். போனின் டோர்ச்சைப் போட்டதும் எங்கள் அம்பு உயிர்பெற்றதற்குக் காரணம் அதுதான். இதோடு தாமதமும் சேர்கிறது. 30 படம் என்றால் ஒரு படம் முடியவே 33 மில்லிசெக்கன், அதன்பிறகு கணக்கு, வைபையில் பயணம், திரையில் வரைதல். கையை நிறுத்திய பிறகும் அம்பு கொஞ்சம் போய்த்தான் நிற்கும். இழுவைக் கயிற்றில் கட்டிய தோணி மாதிரி. பழகினால் பழகும், ஆனால் சின்ன பட்டன்களைக் குறிபார்த்து அடிக்க ஏலாது.

ஒருவர் கேட்டார், போன் கமராவில் கோடிக்கணக்கான பிக்சல் இருக்கிறதே, 324 புள்ளி மவுஸிடம் ஏன் தோற்க வேண்டும் என்று. நல்ல கேள்வி. இங்கே தெளிவு முக்கியமில்லை, அடிக்கடி பார்ப்பதுதான் முக்கியம். என் நிரலிலும் படத்தை வேண்டுமென்றே 640க்கு 480 ஆகச் சுருக்கினேன். அதுவே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள்.

கையில் தூக்கிப் பிடிப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. மவுஸ் மேசையில் நகரும், அவ்வளவுதான். போனோ நகரவும் செய்யும், மணிக்கட்டோடு திரும்பவும் செய்யும். 640 புள்ளி அகலப் படத்தில் ஏறக்குறைய 65 பாகை தெரிகிறது என்று வைத்தால், ஒரு பாகை திருப்புவதற்குப் பத்துப் புள்ளி நகரும். இனிக் கையைத் திருப்பாமல் ஒரு சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சுவர் 30 சென்ரிமீற்றரில் இருந்தால் படம் 17 புள்ளி அளவுக்கு நகரும். சுவர் 3 மீற்றரில் இருந்தால் இரண்டே புள்ளி. பஸ் ஜன்னலில் பக்கத்துப் பனை பறக்கிறது, தூரத்து மலை அப்படியே நிற்கிறது இல்லையா, அதே விஷயம். ஆகவே தூரத்துச் சுவரைப் பார்த்துப் பாவிப்பவர் கையை வீசத் தேவையில்லை, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். கிட்டத் தரையைப் பார்ப்பவர் நகர்த்த வேண்டும். இரண்டையும் கலந்து செய்தால் அம்பு எப்போது பாயும் எப்போது நகரும் என்று பிடிபடாது.

மவுஸை மேசை விளிம்புவரை இழுத்தபின் தூக்கி நடுவில் வைக்கிறோமே, அதற்கும் ஒரு வழி வேண்டும். திரையில் ஒரு பெரிய பட்டனை வைத்து, விரல் அதை அழுத்தியிருக்கும்வரை மட்டும் அசைவை அனுப்பச் செய்யலாம். விரலை எடுத்தால் மவுஸைத் தூக்கியது போல. கிளிக்குக்கு ஒலிக்கூட்டும் பட்டன்களைக் கொடுக்கலாம். கணினிக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை. அதற்கு வந்துசேர வேண்டியவை "வலப்பக்கம் இவ்வளவு, கீழே இவ்வளவு, பட்டன் அழுத்தப்பட்டதா" என்ற சில எண்கள்தான். 2018இல் வந்த அண்ட்ரொய்ட் 9 முதல், போன் புளூடூத்தில் "நான் ஒரு மவுஸ்" என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்ள வழி திறந்திருக்கிறது. கணினியில் எதுவும் நிறுவாமலே வேலை நடக்கும்.

இதுவரை சொன்னது சார்பு முறை. "இப்போது நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் இரண்டு வீடு தள்ளிப் போ" என்று வழி சொல்வது போல. தொடங்கிய இடம் பிழைத்தால் முடியும் இடமும் பிழைக்கும். "பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு முன்னால்" என்று சொன்னால் எங்கிருந்து வந்தாலும் சரியாக வந்துசேரலாம். கமராவுக்கும் அப்படி ஒரு முறை உண்டு: தரையைப் பார்க்காமல் கணினித் திரையையே பார்ப்பது. படத்தில் திரையின் நாலு மூலைகளையும் கண்டுபிடித்துவிட்டால், படத்தின் நடுப்புள்ளி திரையின் எந்த இடத்தில் விழுகிறது என்று கணிக்கலாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் செவ்வகத் திரை சரிவகமாகக் கோணும். நாலு மூலை தெரிந்தால் அந்தக் கோணலை நிமிர்த்தக் கணிதம் இருக்கிறது. போனை எங்கே நீட்டுகிறீர்களோ அங்கே அம்பு. மேலே சொன்ன 2005 ஆய்வில் இதற்கும் ஒரு வழி காட்டினார்கள்: பட்டனை அழுத்தும் கணத்தில் பெரிய திரை முழுக்கக் குறியீட்டுச் சதுரங்கள் பளிச்சென்று தோன்றி மறையும், எந்தச் சதுரத்தைப் பார்த்தோம் என்று போன் கண்டுகொள்ளும். 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியும் இதே குடும்பம். அதன் கைப்பிடியில் இருக்கும் கமரா, ரீவிக்குக் கிட்ட வைத்த அகச்சிவப்பு விளக்குகளைத்தான் பார்க்கிறது. மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டுப் பாடம் நடத்துபவருக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் திரைக்கு மிகக் கிட்டப் போனால் மூலைகள் படத்தைவிட்டு வெளியேறிவிடும், ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டாலும் தடுமாறும்.

மூன்றாவது முறையில் போன் அசையாது. ஒரு தாங்கியில் நின்று உங்களைப் பார்க்கும். உங்கள் கையோ முகமோதான் மவுஸ். கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள் ஒரு கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. ஆள்காட்டி விரல் நுனி அம்பு, பெருவிரலும் ஆள்காட்டியும் தொட்டால் கிளிக் என்று வைத்துக்கொள்ளலாம். காட்சிக்கு அழகு, ஐந்து நிமிடத்தில் தோள் கடுக்கும். பிள்ளைகள் இதைத்தான் மந்திரம் என்று கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது முகத்தைப் பார்ப்பதுதான்.

என் பெரியப்பாவுக்குப் பாரிசவாதத்தால் வலக்கை விழுந்தது, இடக்கையிலும் நடுக்கம். பத்திரிகை வாசிக்காமல் இருக்க மாட்டாத மனிதர். அமெரிக்காவில் பொஸ்டன் கல்லூரியில் உருவான கமரா மவுஸ், திறந்த மூலமான ஈவியாகேம் போன்ற நிரல்கள் இருக்கின்றன. கமராவில் முகத்தின் அசைவைப் பிடித்து அம்பை ஓட்டுபவை. 2023இல் கூகுளும் கேம்பேஸ் என்று ஒன்றை வெளியிட்டது. அவருடைய பழைய லப்டொப்பின் கமரா பழுது, ஆகவே என் பழைய போனைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி வெப்கேமாக்கினேன். முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. அவருடைய கதிரை கடல்பக்க ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. பின்னால் வெளிச்சம், முகம் ஒரே இருட்டு. கதிரையைத் திருப்பிப் போட்டதும் அம்பு அவருடைய முகத்தோடு அசையத் தொடங்கியது. தலையை வலப்பக்கம் திருப்பினால் அம்பு இடப்பக்கம் போனது. கண்ணாடி போலப் படத்தைப் புரட்டிப்போடும் தெரிவை மாற்றினால் சரியாகும்.

கிளிக்குக்குப் பட்டன் இல்லை என்பதால், அம்பு ஓர் இடத்தில் ஒரு வினாடி நின்றால் அதுவே கிளிக். இதில் ஒரு பொறி இருக்கிறது. மனிதர் தலைப்பை வாசிக்க நிற்கிறார், நிரல் அதைக் கட்டளை என்று எடுத்துச் செய்தியைத் திறந்துவிடுகிறது. பார்ப்பதற்கும் தொடுவதற்கும் வித்தியாசம் தெரியாத கருவி அது. நேரத்தை இரண்டு வினாடியாகக் கூட்டினோம், எழுத்தையும் பெரிதாக்கினோம். யாராவது வந்து பெரியம்மாவோடு கதைத்தால் இவரும் தலையாட்டுவார். அம்பு திரை முழுக்க நடனமாடும். அதற்குத் திரையின் ஒரு மூலையில் "நிறுத்து" என்று ஒரு பெரிய சதுரம்.

உங்கள் கைகள் நன்றாக இருந்து மவுஸ் மட்டும் செத்திருந்தால், கமரா வழி வேண்டாம். போனின் தொடுதிரையையே ரச்பாட்டாக்கும் செயலிகள் இருக்கின்றன, அவை இதைவிடத் துல்லியம். "போனைக் காற்றில் ஆட்டு" என்னும் செயலிகள் பலவும் கமராவைத் தொடுவதே இல்லை. போனுக்குள் இருக்கும் சுழற்சி உணரியைக் கேட்கின்றன. அதற்கு வெளிச்சமும் வேண்டாம், பூப்போட்ட சேலையும் வேண்டாம். போன் ஒன்றும் இல்லாவிட்டால் விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்லொக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விசைப்பலகையின் வலப்பக்கத்து எண் விசைகளே அம்பை ஓட்டும். அன்றைக்கு நாங்கள் பாடத்தை முடித்தது அப்படித்தான்.

கமரா வழியைச் சோதிக்க விரும்பினால், செயலி நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த வேலைக்கு உங்கள் படம் வீட்டைவிட்டு வெளியே போக எந்தத் தேவையும் இல்லை. கணக்கு போனிலோ உங்கள் கணினியிலோ முடிந்துவிடும். கமராவோடு தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலியை வைத்திருக்க வேண்டாம். கமரா தொடர்ந்து ஓடினால் போன் சூடாகும், மின்கலம் இறங்கும், ஆகவே சார்ஜரைச் செருகி, உறையைக் கழற்றி வைப்பது நல்லம். பெரியப்பாவின் போனுக்குப் பின்னால் இப்போது ஒரு சின்ன மேசை விசிறி ஓடுகிறது, கமராவின் கண்ணில் படாத பக்கமாகத் திருப்பி.